துறைமுக ஊரில் ஒரு பட்டதாரி

(இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தொண்டு என்னும் சொல் தமிழுக்கு மிகப் பழையது. பாடிய வாயும் புல் செதுக்கிய கையும் ஒருவருடையனவாகவே இருந்த வரலாறு இம்மண்ணுக்கு உண்டு. அப்பரடிகளின் திருவுருவில் உழவாரப்படை தோளோடு சேர்ந்தே இருப்பதை அவையோர் அறிவர். எனவே, படித்து முடித்த இளைஞர் ஒருவர் இறைநம்பிக்கையின் உந்துதலால் தம் வாழ்நாளில் ஒரு பகுதியைப் பிறர்க்கென அளித்தார் என்றால், அச்செய்தி இந்த அவைக்குப் புதுமையாகத் தோன்றாது. ஆயினும் இன்று இங்கே சொல்லப்படும் வரலாற்றில், தொண்டு என்பது எந்த எல்லையில் அரசியல் ஆகிறது, யார் அதற்கு அப்பெயரைச் சூட்டுகிறார்கள் என்னும் வினா அடங்கியிருக்கிறது. சொற்களைக் கையாள்வோர் அதனைக் கடந்து செல்ல இயலாது.

அமெரிக்கக் கத்தோலிக்கரிடையே பட்டம் பெற்ற கையோடு ஓராண்டு ஈராண்டு தன்னார்வப் பணிக்குச் செல்லும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேரூன்றியது. 1956ஆம் ஆண்டில் அலாஸ்காவின் காப்பர் பள்ளத்தாக்கில் இயேசு சபையினர் நடத்திய பள்ளியொன்றுக்குக் கல்லூரி முடித்த இளைஞர் சிலர் உதவிக்குச் சென்றனர். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்த ஒரு பெரிய தன்னார்வ இயக்கத்தின் தொடக்கம் அதுவே. இவ்வாறு செல்பவர்களில் பெரும்பாலோர் நலமே திரும்பி வந்து, வேலையில் அமர்ந்து, மணம் புரிந்து, அந்த ஓராண்டை இனிய நினைவாகப் பேணி வாழ்ந்தனர். ஒருத்தி திரும்பவில்லை. அவர் பெயர் ஜீன் டோனவன்.

1953ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பிறந்தவர். ஊர், கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட்போர்ட். வளமான குடும்பம், தந்தை பொறியாளர். வர்ஜீனியாவில் மேரி வாஷிங்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். கிளீவ்லாந்து நகரிலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் முதுகலை முடித்தார். அந்நாளில் உலகின் முதன்மையான கணக்காய்வு நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கிய ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில் மேலாண்மை ஆலோசகராக அமர்ந்தார். இருபத்தைந்து வயதுக்குள் நல்ல ஊதியம், நண்பர் கூட்டம், மோட்டார் சைக்கிள் ஓட்டும் துணிவு, உரக்கச் சிரிக்கும் இயல்பு. துறவின் சாயல் எள்ளளவும் இல்லாத பெண்.

மாற்றத்தின் வித்து அயர்லாந்தில் விழுந்தது. கல்லூரி நாட்களில் ஓராண்டு மாற்று மாணவியாகக் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றிருந்தார். பெரு நாட்டு ஏழைகளிடையே பணியாற்றித் திரும்பிய மைக்கேல் க்ரௌலி என்னும் பாதிரியாரை அங்கே சந்தித்தார். அவர் போதித்ததைவிட அவர் கண்டுவந்ததே அப்பெண்ணைத் தொட்டது எனத் தோன்றுகிறது. அதற்கு முன்னரே, தம் சகோதரர் கொடிய நோய்வாய்ப்பட்டு மீண்டதைக் கண்டு, வாழ்வின் அருமையை அவர் உணர்ந்திருந்தார். கிளீவ்லாந்தில் வேலை பார்த்த காலத்தில் மாலை வேளைகளில் மறைமாவட்ட இளைஞர் பணியில் ஈடுபட்டார். கிளீவ்லாந்து மறைமாவட்டம் 1964 முதலே எல் சால்வடோர் நாட்டுக்குப் பணிக்குழு ஒன்றை அனுப்பி வந்தது. அதில் சேர விண்ணப்பித்தார். உற்றார் சிலர் வியந்தனர், சிலர் நகைத்தனர். ஏன் இந்த முடிவு என்று கேட்டோர்க்கு அவராலேயே தெளிவான விடை சொல்ல முடியவில்லை என்பர். இது குறையன்று. காரணத்தை அழகாக அடுக்கிச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் புறப்படுவதில்லை.

நியூயார்க் மாநிலத்திலுள்ள மேரிநோல் சபையில் பொதுநிலைப் பணியாளர்க்குரிய பயிற்சி பெற்று, 1979இல் எல் சால்வடோர் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாட்டைப் பற்றிச் சில சொற்கள் வேண்டும். பரப்பு ஏறத்தாழ 21,000 சதுரக் கிலோமீட்டர்; தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. மலைச்சரிவெல்லாம் காப்பித் தோட்டம். நிலத்தின் பெரும்பகுதி ஒருசில குடும்பங்களின் கையில் இருந்தது. 'பதினான்கு குடும்பங்கள்' என்பது அங்கே பழமொழி போல் வழங்கிய தொடர். 1932இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் கொன்று குவித்தவர் தொகையைப் பத்தாயிரம் என்பாரும் முப்பதாயிரம் என்பாரும் உளர். எண்ணிக்கையே உறுதிப்படாத சாவு அது. அதன்பின் சீருடையினரின் ஆட்சி அரை நூற்றாண்டு நீடித்தது. 1977 மார்ச் 12ஆம் நாள் ருட்டிலியோ கிராண்டே என்னும் இயேசு சபைக் குரு, உழவர்களை ஒன்றுகூட்டிய 'குற்றத்துக்காக' வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் பேராயர் பொறுப்பேற்றிருந்த ஆஸ்கர் ரொமேரோ, அதுவரை அமைதி விரும்பும் பழைமைவாதி எனக் கருதப்பட்டவர், நண்பரின் உடலுக்கு முன் நின்ற அந்த இரவுக்குப் பிறகு வேறு குரலில் பேசத் தொடங்கினார். ஞாயிறுதோறும் அவர் நிகழ்த்திய மறையுரைகள் திருச்சபையின் வானொலி வழியே நாடெங்கும் ஒலித்தன. அவ்வாரம் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் பெயர்களை அவர் அங்கே வாசித்தார். செய்தித்தாள்கள் அச்சிட அஞ்சிய பட்டியல் அது.

பெயர்களை வாசிப்பது மட்டுமே ஒரு நாட்டில் எதிர்ப்பாகி விடுமானால், அந்நாட்டின் நிலையை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நாட்டில், தலைநகர்க்குத் தெற்கே பசிபிக் கடலோரம் அமைந்த லா லிபர்டாட் என்னும் துறைமுக ஊரின் பங்கில் ஜீன் பணியேற்றார். விடுதலை என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அவருக்கு அளிக்கப்பட்ட வேலை யாது? கணக்கு. பங்கின் உதவிப் பணிகளை ஒருங்கிணைப்பது, வந்த உணவுப் பொருள் எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஏடு பராமரிப்பது, ஏழைக் குடும்பங்களுக்கு அவற்றைச் சேர்ப்பது. ஆர்தர் ஆண்டர்சனில் கற்ற கலை பசித்த பிள்ளைகளின் உணவுப் பங்கீட்டுக்குப் பயன்பட்டது. வரலாறு எழுதுவோர் இப்பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றனர், அது சரியன்று. தொண்டின் பெரும்பகுதி எங்கும் இத்தகையதே. மூட்டை எண்ணுவதும், வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவதும், அயல்மொழியின் வினைமுற்றுகளோடு மல்லாடுவதும், வயிற்றுப்போக்கோடு மறுநாள் எழுந்து நிற்பதும் ஆகிய இவற்றுக்குக் காவியம் இல்லை.

உடன் பணியாற்றியவர் டாரதி கேசல். கிளீவ்லாந்தைச் சேர்ந்த உர்சுலின் சபை அருட்சகோதரி, 1939இல் பிறந்தவர், 1974 முதலே அந்நாட்டில் இருந்தவர். வயதில் மூத்த அந்தத் துறவியும் குறும்பு மாறாத இந்த இளம்பெண்ணும் நல்ல தோழியராயினர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீன் பேராலயத்துக்குச் சென்று ரொமேரோவின் மறையுரையைக் கேட்பார்; தம் கையால் சுட்ட பிஸ்கட்டுகளை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். நாட்டின் அதிகாரம் முழுவதும் எதிர்த்து நின்ற ஒரு மனிதர்க்கு ஓர் இளம்பெண் பிஸ்கட் கொண்டு செல்கிறாள் என்பது சிறு செய்திதான். அவருடைய கடிதங்கள் அனைத்தையும்விட அவரை நன்கு காட்டுவது அதுவே.

1979 அக்டோபர் 15ஆம் நாள் இராணுவப் புரட்சி நடந்தது. சீர்திருத்தம் வருமென்று சிலர் நம்பினர். வந்தவை மேலும் பிணங்களே. 1980 பிப்ரவரியில் ரொமேரோ அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு, இராணுவ உதவியை நிறுத்துமாறு வேண்டிக் கடிதம் எழுதினார். மார்ச் 23ஆம் நாள் மறையுரையில், சொந்த மக்களைக் கொல்லாதீர் என்று படைவீரர்களையே நேரில் விளித்தார். மறுநாள் மாலை மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பேழையருகே முறைவைத்துக் காவல் நின்றோருள் ஜீனும் டாரதியும் இருந்தனர். மார்ச் 30ஆம் நாள் அடக்கச் சடங்கின்போது பேராலய முன்றிலில் திரண்டிருந்த மக்கள்மீது குண்டும் துப்பாக்கித் தோட்டாவும் பாய்ந்து, உயிர்கள் பல போயின.

இதன்பின் பணியின் இயல்பே மாறியது. கணக்கேடு பின்னுக்குப் போயிற்று. ஊர்களை விட்டு ஓடிவந்த பெண்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றித் திருச்சபையின் புகலிடங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். காயம்பட்டோரை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். சாலையோரத்தில் எறியப்பட்ட உடல்களை அடக்கம் செய்ய உதவினர். வெள்ளை நிறமும் அமெரிக்கக் கடவுச்சீட்டும் தங்களுக்கு ஒரு கவசம் என ஜீன் நம்பியிருந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடைய அமெரிக்கரை யாரும் சுடமாட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டாம். அந்தக் கவசத்தை அவர் தமக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அகதிகளோடு பயணம் செய்வதன் நோக்கமே அதன் நிழலை அவர்களுக்கும் சற்று விரிப்பதுதான். அவ்வாண்டின் நடுவில், அவருக்கு நெருங்கிய நண்பர்களாயிருந்த உள்ளூர் இளைஞர் இருவர், ஒரு மாலை அவரை வீட்டில் விட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டனர். கவசம் அவர்களுக்குப் போதவில்லை.

அஞ்சாமல் நின்றார் என்று எழுதுவது எளிது. அஞ்சினார் என்பதே உண்மை. 1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விடுமுறையில் அயர்லாந்து சென்று நண்பர்களைக் கண்டார். திரும்பிப் போகவேண்டாம் என்று வேண்டியோர் பலர். திருமணமும் குழந்தைகளும் வேண்டும் என்னும் ஆசை அவருக்கு இருந்தது. அதை மறைத்தவரும் அல்லர். இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில், பலமுறை வெளியேற முடிவு செய்ததையும், அக்குழந்தைகளை எண்ணி அதைக் கைவிட்டதையும் தெரிவித்திருக்கிறார். கொள்கையையோ கோட்பாட்டையோ அவர் அங்கே முன்வைக்கவில்லை. முகம் தெரிந்த குழந்தைகளை விட்டுப்போக மனம் இடந்தரவில்லை, அவ்வளவே. அந்த மடலுக்குப் பிறகு அவரை அச்சமறியாத வீராங்கனையாக்கிக் காட்டும் எழுத்தெல்லாம் அவர் கொடுத்த விலையைக் குறைத்தே மதிப்பிடுகின்றன.

டிசம்பர் 1ஆம் நாள் இரவு ஜீனும் டாரதியும் அமெரிக்கத் தூதர் ராபர்ட் வைட் வீட்டில் விருந்துண்டு அங்கேயே தங்கினர். மறுநாள் நிகரகுவாவிலிருந்து வரும் மேரிநோல் சகோதரியரை அழைத்துவர விமான நிலையம் சென்றனர். பிற்பகல் விமானத்தில் இருவர் வந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டு, மீண்டும் மாலையில் இருவருக்காகச் சென்றனர். வந்தவர்கள் ஈட்டா ஃபோர்டும் மோரா கிளார்க்கும். ஈட்டா முன்னர்ச் சிலி நாட்டில் பணிபுரிந்தவர். அவ்வாண்டு ஆகஸ்டில் சலாத்தெனாங்கோ பகுதியில் வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடக்கையில் அவருடன் சென்ற கார்லா பியெட் என்னும் சகோதரி மூழ்கி இறந்தார். ஈட்டா உயிர் தப்பினார். அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவரே மோரா. அதற்கு முன் பல ஆண்டுகள் நிகரகுவாவில் கழித்தவர்.

சாதாரண உடையணிந்த தேசியக் காவற்படையினர் ஐவர் அவர்களுடைய வண்டியை மறித்தனர். நால்வரையும் தனித்த இடத்துக்குக் கொண்டுபோய், வன்கொடுமைக்கு ஆளாக்கி, சுட்டுக் கொன்றனர். ஜீனுக்கு அப்போது வயது இருபத்தேழு.

மறுநாள் காலை சாந்தியாகோ நொனுவால்கோ என்னும் ஊரையடுத்த பகுதியில் உடல்களைக் கண்ட உழவர்களிடம், அடையாளம் தெரியாத பெண்கள் எனச் சொல்லிப் புதைத்துவிடும்படி அதிகாரிகள் பணித்தனர். ஒரே குழியில் நால்வர். அந்நாட்டில் அது நாள்தோறும் நடந்த காரியம். ஆனால் செய்தி அங்கே நிற்கவில்லை. உள்ளூர்க் குரு வழியாக ஆயருக்கும், அவரிடமிருந்து தூதருக்கும் எட்டியது. டிசம்பர் 4ஆம் நாள் வைட் நேரில் நிற்கக் குழி தோண்டப்பட்டது. வண்டி வேறோரிடத்தில் எரிந்து கிடந்தது.

கவிஞர்கள் சற்றே நின்று நோக்கவேண்டிய இடம் இனிமேல் வருகிறது. கொலைக்குப் பின் ஒரு சொற்போர் தொடங்கியது. கார்ட்டர் அரசு உதவியை நிறுத்தி, 1981 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. புதிய அதிபர் ரீகனின் ஆலோசகராயிருந்த ஜீன் கர்க்பாட்ரிக், இறந்தவர்கள் வெறும் கன்னியர் அல்லர், அரசியல் ஈடுபாடு உடையவர்கள் என்னும் பொருள்படப் பேசினார். 1981 மார்ச்சில் வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹெய்க், அவர்கள் சாலைத்தடையை மீற முயன்றிருக்கலாம் என்று நாடாளுமன்றக் குழு முன் கருத்துரைத்தார். ஆக, பிள்ளைகளுக்கு உணவு கொண்டுசென்றவர்கள் அரசியலாளர் ஆனார்கள். உணவின்றிப் பிள்ளைகள் இருந்த காரணம் மட்டும் அரசியல் ஆகவில்லை. ஒரு சொல்லை எங்கே ஒட்டுவது, எங்கே ஒட்டாமல் விடுவது என்பதில் எத்துணை வன்மம் அடங்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. பரிவு காட்டியவர்களும் ஒரு பிழை செய்தனர். 'நான்கு கன்னியர்' என்றே பல ஏடுகள் எழுதின. ஜீன் கன்னியர் அல்லர்; உறுதிமொழி எதுவும் கொடாத, நாளையே வீடு திரும்பும் உரிமையுடைய பொதுநிலைப் பெண். அந்த உரிமை கையில் இருந்தும் தங்கினார் என்பதே அவர் வரலாற்றின் உயிர்ப்பகுதி.

அந்நாட்டின் கவிஞர்களுக்கும் இந்த ஆண்டுகள் இலக்கியப் பொழுதாக இருக்கவில்லை. சால்வடோரின் பெருங்கவிஞர் ரோக் டால்டன் 1975 மே மாதம் தம் சொந்தப் போராளி இயக்கத்தாராலேயே கொல்லப்பட்டார். கொடுமை ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதனையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் கரோலின் ஃபோர்ஷே 1978க்கும் 1980க்கும் இடையே அங்கே சென்று தங்கிக் கண்டவற்றைக் கவிதையாக்கினார். 1981இல் அவருடைய தொகுதி வெளிவந்தபோது, கவிதையில் அரசியல் புகலாமா என்னும் பழைய வழக்கு அமெரிக்காவில் மீண்டும் எழுந்தது. தமிழிலும் அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஜீன் டோனவனைப் பற்றி 1982இல் ஓர் ஆவணப்படமும், 1984இல் ஆனா காரிகன் எழுதிய வாழ்க்கை வரலாறும் வந்தன.

1984 மே மாதம் காவற்படையினர் ஐவருக்கும் முப்பதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆணையிட்டவர் எவர் என்னும் வினா அத்தீர்ப்பில் தொடப்படவில்லை. 1992 ஜனவரியில் போர் முடிந்தது. மாண்டவர் ஏறத்தாழ 75,000 பேர். 1993இல் ஐக்கிய நாடுகள் அமைத்த உண்மை ஆணையம், கொலை முன்கூட்டியே திட்டமிடப்பட்டதென்றும், மேலதிகாரிகள் அதனை மூடி மறைத்தனரென்றும் கண்டது. 1998இல் சிறையிலிருந்தோர் நால்வர், மேலிட உத்தரவின்படியே செய்தோம் என்று வாய் திறந்தனர். அதற்குள் அந்நாளைய பாதுகாப்பு அமைச்சர் ஹோசே கில்யெர்மோ கார்சியாவும் காவற்படைத் தலைவர் வீதெஸ் கசனோவாவும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குடியேறி அமைதியாக வாழ்ந்து வந்தனர். இறந்த பெண்களின் குடும்பத்தார் தொடுத்த உரிமையியல் வழக்கு 2000இல் தோற்றது. எனினும் வீதெஸ் கசனோவா 2015இலும் கார்சியா 2016இலும் நாடுகடத்தப்பட்டனர். முப்பத்தைந்து ஆண்டு.

இறந்தோர் 75,000 பேருள் இந்நால்வர்க்காக மட்டும் இத்துணை விசாரணை ஏன் என்று எவரேனும் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. அவர்கள் அமெரிக்கர் என்பதால்தான் குழி மீண்டும் தோண்டப்பட்டது. அதே மண்ணில் அவ்வாண்டு புதைக்கப்பட்ட சால்வடோர் பெண்கள் பலர்க்குத் தூதர் எவரும் வரவில்லை. ஜீன் எழுதிய கடிதங்களிலும், பின்னாளில் அவருடைய பெற்றோர் வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டி எழுப்பிய குரலிலும், தம் மகளின் சாவோடு அந்தப் பெயரற்ற சாவுகளும் பேசப்பட்டன என்பது ஓரளவு ஆறுதல். முழு ஆறுதல் அன்று.

ரொமேரோவைத் திருச்சபை 2018 அக்டோபர் 14ஆம் நாள் புனிதராக அறிவித்தது. ருட்டிலியோ கிராண்டே 2022 ஜனவரியில் அருளாளர் ஆனார். ஜீனின் பெயர் அவ்வரிசையில் இல்லை. பிஸ்கட் சுட்ட, மோட்டார் சைக்கிள் ஓட்டிய, அஞ்சிய, ஆயினும் திரும்பிச் சென்ற அப்பெண்ணுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிராது.

டாரதியின் உடல் கிளீவ்லாந்துக்கும் ஜீனின் உடல் அமெரிக்காவிலிருந்த பெற்றோரிடத்துக்கும் கொண்டு செல்லப்பட்டன. மேரிநோல் சபையில் இறந்த மண்ணிலேயே அடங்குவது வழக்கம். ஈட்டாவும் மோராவும் சலாத்தெனாங்கோவில், தாங்கள் பணிசெய்த மக்களின் கல்லறைகளுக்கு நடுவே கிடக்கின்றனர். நால்வரும் கொல்லப்பட்ட இடத்தில் சிறு ஆலயமும் நினைவுக்கல்லும் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் நாள் அங்கே மக்கள் கூடுகின்றனர்.